ஏத்தத்தில மட்டும் சூடேறுது, தேர்மோஸ்டாட்டைக் கழட்டலாமா?

தம்பலகாமம் லொறி

எல்லாருக்கும் வணக்கம். தம்பலகாமத்தில இருந்து எழுதுறன். மாமாவுக்கு முழங்கால் ஏலாமப் போனதால அவர்ட லொறிய இப்ப நான்தான் ஓடுறன். ஆறு சிலிண்டர், டேர்போவும் (எஞ்சினுக்குள்ள காத்தை அமத்தித் தள்ளுறது) இன்டர்கூலரும் (அந்தக் காத்தைக் குளிராக்கிறது) உள்ள பழைய டாட்டா. டீசல் பம்ப் பழைய மாதிரி, கொம்பியூட்டர் ஒண்டும் இல்ல. கந்தளாய் மில்லில அரிசி, இல்லாட்டி சீனக்குடாவில மா, ரெண்டில ஒண்டை ஏத்திக்கொண்டு நுவரெலியாவுக்குப் போறது. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, பிறகு கம்பளையால மேல. திரும்பி வரேக்க கரட், லீக்ஸ்.

கண்டி வரைக்கும் ஹீட் மீற்றர் முள்ளு நடுவில அசையாம நிக்கும். புசல்லாவ தாண்டி றம்பொடை வளைவுகள் தொடங்கினதும் மெல்ல மெல்ல ஏறும். லபுக்கலைக்குக் கிட்டப் போகேக்க சிவப்புக்கும் முள்ளுக்கும் கொஞ்ச இடைவெளிதான். ஓரமா நிப்பாட்டினா இறங்கும். தண்ணி குறையிறதில்ல. ஒயில் மூடியைத் திறந்து பாத்தன், வெள்ளை நுரை ஒண்டும் இல்ல. ஆனா ஏறேக்க கறுப்புப் புகை முன்னையை விடக் கூட. டீசலும் கூடக் குடிக்குது.

ஒரு கராஜில, தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் தண்ணி சூடான பிறகு திறந்து ரேடியேற்றருக்கு விடுற வால்வு) கழட்டி எறிஞ்சா சரி, எங்கட வெயிலுக்கு அது தேவையில்ல எண்டு சொன்னாங்க. அது சரியா? இறங்கேக்க நியூட்ரலில விட்டா டீசல் மிச்சம் எண்டும் கனபேர் சொல்லுறாங்க. லோட் ஏத்த வரிசையில நிக்கிற நேரம் எஞ்சினை ஓட விடுறதா, நிப்பாட்டுறதா எண்டும் ஆளுக்கொரு கதை. இந்த ஒரு லொறியிலதான் ரெண்டு வீட்டு அடுப்பு எரியுது. தெரிஞ்ச ஆக்கள் விளங்கச் சொல்லுங்க.

கந்தளாய் றோட்டு

தம்பி, கழட்டுங்க. நான் கழட்டிப் போட்டுக் கன காலம். கந்தளாய்க்கும் திருகோணமலைக்கும் நடுவில நெல்லும் செங்கல்லும் ஏத்துறன், முள்ளு நடுவுக்கே வாறதில்ல. தேர்மோஸ்டாட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு.

உப்புவெளி பாஸ்

தம்பி, கழட்டாதீங்க. கந்தளாய்க்காரர் கோவிக்கக் கூடாது, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுறன்.

டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்ல. பிஸ்டன் காத்தைப் பதினாறு, பதினேழு மடங்கு நசுக்க வாற சூட்டிலதான் டீசல் தானாப் பத்துது. சிலிண்டர் சுவர் குளிர்ந்து கிடந்தா அந்தச் சூட்டில ஒரு பங்கைச் சுவர் இழுத்துப்போடும், டீசல் முழுசா எரியாது. எரியாத டீசல் லைனரில, அதாவது சிலிண்டரின்ட உள்சுவரில, இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழ ஒயில் நிக்கிற சம்புக்குள்ள இறங்கும். ஒயிலில சேருற ஈரம் ஆவியாகி வெளியால போறதுக்கும் சூடு காணாது. டீசலில இருக்கிற கந்தகம் எரிஞ்சு வாறது அந்த ஈரத்தோட சேர்ந்து அமிலமாகும். ரிங்கும் லைனரும் பெயாரிங்கும் அரிபடுறது அதாலதான். சூட்டால செத்த எஞ்சினைச் சத்தத்திலயும் புகையிலயும் எல்லாரும் கண்டுபிடிப்பினம். குளிரால செத்த எஞ்சினை ஆருக்கும் தெரியாது, "பழசாப் போச்சு" எண்டு சொல்லி பிரிச்சு வேலை செய்யக் கொண்டுவருவினம். என்ட கராஜுக்கு வந்ததில அப்பிடிக் கொஞ்சநஞ்சம் இல்ல.

எங்கட வெயில் 33, 34 பாகை. தேர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கிறதே 80 பாகை செல்சியஸ் அளவில. எஞ்சினுக்கு எங்கட வெயிலும் குளிர்தான்.

இன்னொண்டு இருக்கு. கன எஞ்சினில தேர்மோஸ்டாட்டின்ட அடியில ஒரு தட்டு இருக்கும். மேல வால்வு திறக்கேக்க அந்தத் தட்டுக் கீழ இறங்கி, ரேடியேற்றருக்குப் போகாம தண்ணி திரும்பிற பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழட்டினா ரேடியேற்றர் வழியும் திறந்து கிடக்கும், பைபாஸும் திறந்து கிடக்கும். சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாம திரும்ப எஞ்சினுக்குள்ள ஓடும். உங்களை மாதிரி மலை ஏறுற லொறிக்கு அப்ப சூடு கூடுமே தவிர குறையாது.

தேர்மோஸ்டாட்டில சந்தேகம் எண்டா கழட்டிச் சோதியுங்க. சட்டியில தண்ணி வச்சு, சட்டி அடியில படாம நூலில கட்டித் தொங்க விட்டு, சூடு பாக்கிற கண்ணாடிக் கம்பி ஒண்டையும் விட்டுக் கொதிக்க வையுங்க. அதின்ட விளிம்பில பொறிச்சிருக்கிற எண்ணுக்குக் கிட்டத் திறக்கத் தொடங்கினா நல்லது. தண்ணி கொதிச்சும் முழுசாத் திறக்காட்டி புதுசு போடுங்க. விலை பெரிசில்ல.

இப்ப உங்கட லொறிக்கு வாறன். தண்ணி குறையேல்ல, நுரை இல்ல, சமதரையில முள்ளு நடுவில. ஹெட் காஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில இருக்கிற அடைப்புத் தகடு) போனதுக்கு இது ஒண்டும் அடையாளம் இல்ல. எஞ்சின் தன்ட முழுப் பலத்தையும் குடுக்கேக்க மட்டும்தான் சூடு மிஞ்சுது. எண்டா சூட்டை வெளியால தள்ளுற இடத்திலதான் ஏதோ அடைபட்டிருக்கு. கறுப்புப் புகை கூடினதை நீங்க எழுதினது நல்லது. எரிக்கிறதுக்குக் காத்துக் காணாட்டித்தான் டீசல் கறுப்பா வரும். இன்டர்கூலருக்குள்ளால குளிர்காத்துப் போகாட்டி டேர்போ தள்ளுற காத்து சூடாவே உள்ள போகும். சூடான காத்து ஐதானது, டீசலுக்குக் காணாது. ஆக உங்கட சூட்டுக்கும் புகைக்கும் ஒரே காரணமாத்தான் இருக்கோணும் எண்டு நான் நினைக்கிறன்.

இன்டர்கூலரையும் ரேடியேற்றரையும் பிரிச்சு ரெண்டுக்கும் நடுவில பாருங்க. முன்னால நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது. மில் முத்தத்தில பறக்கிற உமித்தூளும் தவிடும் இன்டர்கூலர் செதிலுக்குள்ளால புகுந்து, பின்னால ரேடியேற்றர் முகத்தில போய்த்தான் ஒட்டும். மழை பட்டா அப்பிடியே இறுகும். எயார் கிளீனரையும் பாருங்க. அதைக் கம்பிரசர் காத்தால பலமா ஊதாதீங்க. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தா அதுக்குள்ளால போற தூசி டேர்போவையும் லைனரையும் உரஞ்சித் தின்னும். அடைபட்டா மாத்துங்க.

கீழ் ஹோஸைப் பிடிச்சு நசுக்கிப் பாருங்க. பழுதாகி மெத்தெண்டு இருந்தா, எஞ்சின் வேகமாச் சுத்தேக்க பம்ப் உறிஞ்சிற இழுவையில அது உள்ளுக்கு ஒட்டிப் போகும். நிக்கேக்க நல்லாத்தான் இருக்கும். ஃபான் பெல்ட் கண்ணாடி மாதிரி மினுங்கினா வழுக்குது எண்டு அர்த்தம்.

ரேடியேற்றர் மூடியைச் சாதாரணமா நினைக்காதீங்க. நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1868 மீற்றர் உயரம். அங்க மூடாத தண்ணி 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா அதே உயரத்தில அதே தண்ணி 115 பாகை வரைக்கும் கொதிக்காம நிக்கும். றப்பர் வெடிச்ச, ஸ்பிரிங் தளர்ந்த மூடியோட தம்பலகாமத்தில வருசக்கணக்கா ஓடலாம், ஒண்டும் நடக்காது. அந்த மலையில காட்டிக் குடுத்திடும். அதே எண் பொறிச்ச புது மூடி வாங்கிப் போடுங்க. வெறும் கிணத்துத் தண்ணி ஊத்தாதீங்க. எங்கட கரையோரக் கிணறுகளில உவரும் சுண்ணாம்பும் கூட. உள்ளுக்குப் படை படிஞ்சா வெளியால எவ்வளவு கழுவியும் பலன் இல்ல. கூலன்டும் சுத்திகரிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி. வெட் லைனர், அதாவது வெளிப்பக்கத்தில நேரடியாத் தண்ணி படுற லைனர், உள்ள எஞ்சின் எண்டா கூலன்ட் கட்டாயம். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர, அதின்ட வெளிப்பக்கத்தில சின்னச் சின்னக் குமிழ் உடைஞ்சு உடைஞ்சு இரும்பில ஊசி ஓட்டை விழும். கூலன்டில இருக்கிற மருந்துதான் அதைத் தடுக்குது.

அடுத்தது உங்கட கால். டீசல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு பெரிய கியரில பெடலை அடி வரைக்கும் அமத்திக்கொண்டு ஏறுறீங்களா? எஞ்சின் முக்கி முக்கிச் சுத்தேக்க ஃபானும் வோட்டர் பம்பும் மெதுவாத்தான் சுத்தும், ஆனா ஒவ்வொரு வெடிப்பிலயும் வாற சூடு ஆகக் கூட. கிராங்க் பெயாரிங்குக்கும் அது கூடாது. சுத்து மீற்றரில பச்சைப் பட்டி இருக்கு. முள்ளு பட்டியின்ட அடிப்பக்கத்துக்கு இறங்க முதல் ஒரு கியர் குறையுங்க. பெடலைக் கால்வாசி விட்டாலும் லொறி அதே வேகத்தில ஏறும், புகை வெளுக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னமே கியரைத் தீர்மானிச்சு வையுங்க, வளைவுக்குள்ள தேடாதீங்க.

சிவப்புக்குப் போனா உடன நிப்பாட்டிச் சாவியைத் திருப்பாதீங்க. ஓரம் கட்டி, நியூட்ரலில ஆயிரம் சுத்து அளவில ஓட விடுங்க, தண்ணியும் ஃபானும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு நிலைமையில மட்டும் உடன நிப்பாட்டோணும். ஆவி அடிக்குது, அல்லாட்டி மேல நிண்ட முள்ளு திடீரெண்டு கீழ விழுந்திட்டுது. முள்ளு விழுந்தா குளிர்ந்திட்டுது எண்டு சந்தோசப்பட வேண்டாம். தண்ணி போய் சென்சர் வெறுங் காத்தில நிக்குது எண்டுதான் அர்த்தம். மேல் ஹோஸைக் கையால பிடிச்சு வச்சிருக்கக் கூடிய அளவுக்கு ஆறும் வரைக்கும் மூடியில கை வைக்காதீங்க. முகம் வெந்த பொடியன்களைக் கண்டிருக்கிறன். பிறகும் பச்சைத் தண்ணியை ஒரேயடியா ஊத்தினா ஹெட் வெடிக்கும். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.

மேல ஏறி முடிஞ்சு தேத்தண்ணிக் கடையில நிப்பாட்டேக்க மூண்டு, நாலு நிமிசம் சும்மா ஓட விட்டுப் பிறகு நிப்பாட்டுங்க. டேர்போத் தண்டு நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துறது, ஒயில் படலத்தில மிதந்துகொண்டு. உடன நிப்பாட்டினா ஒயில் வரவு நிண்டுடும், தண்டில நிக்கிற ஒயில் அந்தச் சூட்டில கருகி கரியாகும். காலமை ஸ்டார்ட் பண்ணினதும் பெடலை அமத்தாதீங்க, ஒயில் அழுத்தம் வந்த பிறகு மெதுவா வெளிக்கிடுங்க. அதுக்காக அரை மணித்தியாலம் நிண்ட இடத்தில சூடாக்கவும் தேவையில்ல. லோட் ஏத்துற வரிசையில அஞ்சு நிமிசத்துக்கு மேல நிக்கிறதெண்டா நிப்பாட்டுங்க. மேல சொன்ன குளிர் வருத்தம் எல்லாம் சும்மா ஓடுற எஞ்சினுக்கும் வரும்.

கிண்ணியா டிப்பர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பாஸ் ஏத்தத்தைச் சொல்லிட்டார், நான் இறக்கத்தைச் சொல்லுறன். இப்ப மகாவலி மணல்தான் ஏத்துறன், ஆனா வாப்பாட காலத்தில இருந்து மலைநாட்டுக்கு மரக்கறி லொறி ஓடின ஆக்கள் நாங்க.

தம்பி, நியூட்ரலில விடுறதால டீசல் மிச்சம் எண்டது பொய். கியரில போட்டுப் பெடலை விட்டா, உங்கட பழைய பம்பிலயும் கவர்னர் (டீசல் அளவைக் கட்டுப்படுத்திற பாகம்) டீசலை முழுசா நிப்பாட்டிடும். ரயர்தான் எஞ்சினைச் சுத்துது. நியூட்ரலில போட்டா எஞ்சின் நிக்காம இருக்கிறதுக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக நியூட்ரலிலதான் செலவு.

செலவை விடுங்க, உயிரைப் பாருங்க. நியூட்ரலில எஞ்சின் மெதுவாச் சுத்தேக்க பிரேக்குக்குக் காத்து நிரப்பிற எயார் கம்பிரசரும் மெதுவா. நீங்க பிரேக்கை அடிக்க அடிக்க எயார் குறையும், அதுக்கு ஈடா நிரம்பாது. பாரம் முழுக்க பிரேக் ட்ரம்மில. ட்ரம் சூடேறினா விரியும், லைனிங் பிடி விடும், கருகின மணம் வரும். அந்த நேரம் திரும்பக் கியரில போடலாம் எண்டு நினைச்சா விழாது. வேகம் கூடின லொறியில சின்னக் கியர் கடிக்குமே தவிர ஏறாது. இறக்கத்தில நடுவில கியர் தேடுற றைவருக்குப் பக்கத்தில இருந்து போயிருக்கிறன், அந்தப் பயம் இண்டைக்கும் என்ட வயித்துக்குள்ள இருக்கு.

வாப்பா சொல்லித் தந்தது: எந்தக் கியரில ஏறினியோ அந்தக் கியரில இறங்கு. இறக்கம் தொடங்க முதல் வேகத்தைக் குறைச்சு, கியரைப் போட்டு, எக்சோஸ்ட் பிரேக்கையும் (புகை போற வழியை அடைச்சு எஞ்சினாலயே லொறியைப் பிடிக்கிறது) போட்டுக்கொள்ளுங்க. சுத்துக் கூட இருக்கேக்கதான் எக்சோஸ்ட் பிரேக் நல்லாப் பிடிக்கும். ஆனா சிவப்புப் பட்டிக்குப் போக விடக் கூடாது. கவர்னர் டீசலை நிப்பாட்டுமே தவிர, ரயர் தள்ளுற எஞ்சினை நிப்பாட்டாது. சுத்து மிஞ்சினா வால்வு நேரத்துக்கு மூடாம பிஸ்டனில அடிபடும். கால் பிரேக்கைத் தொடர்ந்து இலேசா அமத்திக்கொண்டு வராதீங்க. நல்லா அமத்தி வேகத்தைக் குறைச்சு, காலை எடுத்து, ட்ரம்மை ஆற விடுங்க. திரும்ப வேகம் கூடினா திரும்ப அமத்துங்க.

ஒவ்வொரு நாளும் எயார் டாங்க் அடியில இருக்கிற வால்வை இழுத்துத் தண்ணியை விடுங்க. எங்கட கடல் காத்தில தண்ணி சேருற அளவை நீங்களே பாத்தா அதிசயிப்பீங்க. அது வால்வுகளுக்குள்ள போனா துருப் பிடிக்கும். மலையில நிப்பாட்டேக்க ரயருக்குக் கல்லு வச்சா, வெளிக்கிடேக்க அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில போடுங்க. பின்னால வாற மோட்டர் சைக்கிள்காரன்ட உயிர் அதில இருக்கு.

நிலாவெளி அக்கா

எங்கட வீட்டு லொறிகளுக்கு டீசல் கணக்கு நான்தான் எழுதுறன். தம்பி "டீசல் கூடக் குடிக்குது" எண்டு எழுதியிருக்கிறார். எவ்வளவு கூட எண்டு தெரியுமா? தெரியாட்டி, திருத்தின பிறகு குறைஞ்சுதா எண்டும் தெரியப் போறதில்ல.

ஒரே ஷெட், ஒரே பம்ப், லொறி சமதரையில நிக்கோணும். டாங்க் முட்ட அடியுங்க, மீற்றரை எழுதுங்க. அடுத்த முறை அதே இடத்தில முட்ட அடிச்சு, ஓடின கிலோமீற்றரை அடிச்ச லீற்றரால பிரியுங்க. பக்கத்தில எந்தப் பாதை, எவ்வளவு லோட் எண்டும் எழுதுங்க. நுவரெலியா ஏறின கணக்கையும் சமதரையில ஓடின கணக்கையும் ஒண்டாப் போட்டா ஒண்டும் விளங்காது. இந்தக் கொப்பியை வச்சுத்தான் எங்கட ஒரு லொறிக்குப் பின் பிரேக் விடாம உரஞ்சிக்கொண்டு இருந்ததைக் கண்டுபிடிச்சம். றைவருக்கு இழுவை தெரியேல்ல, கணக்கில தெரிஞ்சுது. ரயர் காத்தும் அப்பிடித்தான், கண்ணால பாத்தா சரியாத்தான் இருக்கும், மீற்றர் வச்சாத்தான் தெரியும். படங்கை இறுக்கிக் கட்டுங்க. அது காத்தில படபடக்க விட்டா எஞ்சின் அதையும் சேர்த்துத்தான் இழுக்கோணும். வேகமும் அப்பிடி. காத்து எதிர்க்கிற பலம் வேகத்தின்ட வர்க்கத்தில கூடும், ஹபரணை நேர் றோட்டில பறக்கிறதுக்குக் குடுக்கிற விலை அது. ஆறு சிலிண்டர் எஞ்சின் சும்மா நிண்டு ஓடினாலும் மணித்தியாலத்துக்கு ஒண்டரை, ரெண்டு லீற்றர் போகும். அரை நாள் வரிசையில நிண்டா எவ்வளவு எண்டு நீங்களே பாருங்க.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லி ஆரும் சொன்னா கேக்காதீங்க. 2022 ஆகஸ்ட் வரைக்கும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு இருந்தது, பிறகு ஒரே நாளில 340 ஆச்சு. அந்த மலிவுக் காலத்தில கலந்து பழகின ஆக்கள் இன்னும் இருக்கினம். பம்பில உரஞ்சிற பாகங்களுக்கும் இன்ஜெக்டர் ஊசிக்கும் டீசலின்ட வழுவழுப்புத்தான் எண்ணெய். மண்ணெண்ணெயில அது காணாது. ஒரு பம்ப் சோதிச்சுத் திருத்துற காசுக்கு மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும்.

இரவில டாங்கை நிரப்பி விடுங்க. அரைவாசி வெறுமையா விட்டா ராவில அந்தக் காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாகி அடியில சேரும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்தில கிருமி வளர்ந்து கறுப்புச் சளி மாதிரி வரும், பில்டரை அடைக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில பீப்பாவில டீசல் வச்சிருந்த வீடுகளில இதைக் கன பேர் கண்டிருப்பினம். தண்ணி பிரிக்கிற பில்டரின்ட அடி ஆணியைத் தளர்த்தி, காலமை ஸ்டார்ட் பண்ண முதல் தண்ணியை விடுங்க.

தம்பலகாமம் லொறி

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. பாஸ் சொன்ன மாதிரி நேத்து நானும் கிளீனரும் இன்டர்கூலரைக் கழட்டினம். முன்பக்கம் வெள்ளி மாதிரி இருந்தது. பின்னால ரேடியேற்றர் முகத்தில ஒரு விரல் மொத்தத்துக்கு உமி, தவிடு, மாத்தூள், பூச்சிச் செட்டை எல்லாம் சேர்ந்து அப்பம் மாதிரி ஒட்டியிருக்கு. மேலாலயும் ரெண்டு பக்கத்தாலயும் கொஞ்ச இடம்தான் காத்துப் போக மிச்சம். மாமா வந்து பாத்திட்டுக் கன நேரம் பேசாம நிண்டார்.

மூடியில 0.9 எண்டு இருக்கு, றப்பர் வெடிச்சுப் போச்சு. புதுசு வாங்கிட்டன். தேர்மோஸ்டாட்டைச் சட்டியில வச்சுப் பாத்தம், 83 எண்டு பொறிச்சிருக்கு, கிட்டத்தட்ட அதிலேயே திறக்கத் தொடங்கிச்சு. அதையே திரும்பப் போடுறன். எப்பிடிக் கழுவுறது? சேர்விஸ் பண்ணுற இடத்தில பெரிய பம்பால அடிக்கலாமா?

உப்புவெளி பாஸ்

பெரிய பம்பைக் கிட்டக் கொண்டுபோகாதீங்க. செதில் கடதாசி மாதிரி மெல்லிசு, மடிஞ்சா அந்த இடத்தால காத்தே போகாது. சவர்க்காரத் தண்ணி தெளிச்சு ஊற விடுங்க, மா இளகட்டும். பிறகு எஞ்சின் பக்கத்தில இருந்து முன்பக்கத்துக்கு, சாதாரணத் தோட்டத்து ஹோஸால. முன்னால இருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ளுக்குத்தான் போகும். மடிஞ்ச செதிலை மெல்லிய தகட்டால நிமித்துங்க. இன்டர்கூலர் குழாய்களைத் திரும்பப் பூட்டேக்க கிளிப் எல்லாத்தையும் இறுக்கி, ஸ்டார்ட் பண்ணி மூட்டுகளில சவர்க்காரத் தண்ணி தெளிச்சுப் பாருங்க. குமிழ் வந்தா டேர்போக் காத்து அதால போகுது.

ஃபானில விஸ்கஸ் கிளச் (சூட்டுக்கு ஏத்த மாதிரி ஃபானைப் பிடிச்சுச் சுத்த வைக்கிற பாகம்) இருந்தா, எஞ்சின் நல்லாச் சூடான பிறகு நிப்பாட்டி, சாவியை எடுத்துப் பொக்கட்டில வச்சுக்கொண்டு ஃபானைக் கையால சுத்திப் பாருங்க. இழுத்துப் பிடிச்ச மாதிரிச் சுத்தோணும். தட்டிவிடத் தடையில்லாமச் சுத்தினா அதுவும் போச்சு. நெல்லுக் காலத்தில மில்லுக்குப் போற லொறிக்கு ஒவ்வொரு ஒயில் மாத்தத்தோடயும் இந்த இடைவெளியைப் பாத்துக்கொள்ளுங்க.

கந்தளாய்க்காரர் இன்னும் வாசிக்கிறாரா? ஐயா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். ஒயில் கம்பியை இழுத்துப் பாத்தீங்களா? மட்டம் எங்க நிக்குது?

கந்தளாய் றோட்டு

வாசிச்சன் பாஸ். எனக்குச் சூடு ஏறாததுக்குக் காரணம் சமதரை றோட்டு எண்டு இப்ப விளங்குது. கம்பியைப் பாத்தன். மேல் கோட்டுக்கு மேல ஒரு விரல் கூட நிக்குது. நான் ஒயில் ஊத்தவே இல்ல. விரலில தேச்சுப் பாத்தா தண்ணியா இருக்கு, டீசல் மணம். நாளைக்குக் காலமை செங்கல் லோட் இருக்கு.

உப்புவெளி பாஸ்

அந்த லோட்டுக்கு வேற லொறியைப் பிடியுங்க ஐயா. தயவுசெய்து ஸ்டார்ட் பண்ணாதீங்க.

உங்கட ஒயிலில டீசல் இறங்கியிருக்கு. முதலாவது, அந்த ஒயில் பெயாரிங்கைத் தாங்காது. ரெண்டாவது அதைவிடப் பயங்கரம். மட்டம் கூடினா ஒயில் பிரீதர் குழாயால (எஞ்சினுக்குள்ள சேருற ஆவி வெளியேறுற குழாய்) எயார் வழிக்குள்ள போகும். அப்ப எஞ்சின் தன்ட ஒயிலையே எரிச்சு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது, டீசலை மூடினாலும் நிக்காது, சுத்து ஏறிக்கொண்டே போகும். அப்பிடி நடந்தா காத்தை அடைக்கிறதுதான் வழி. எயார் வாயில ஒரு பலகையை வச்சு அமத்தோணும். கையையோ துணியையோ வைக்கக் கூடாது, இழுத்திடும். பலகை இல்லாட்டி, லொறி நிண்ட நிலையில பிரேக்கை முழுசா அமத்தி, ஆகப் பெரிய கியரில போட்டுக் கிளச்சை விட்டு எஞ்சினை முடக்கோணும். ரெண்டும் ஏலாட்டி ஆக்களைத் தூரத்துக்கு விலத்துங்க, சுத்து மிஞ்சி இரும்பு வெடிச்சுப் பறக்கும்.

ஒயிலையும் பில்டரையும் மாத்துங்க, மட்டம் ரெண்டு கோட்டுக்கும் நடுவில மேல் பக்கமா நிக்கட்டும். இன்ஜெக்டர்களைக் கழட்டிச் சோதிக்கக் குடுங்க, ஒண்டு ஒழுகினாலும் இதே கதைதான். டீசல் ஊட்டுற சின்னப் பம்பின்ட சீலையும் பாக்கச் சொல்லுங்க. தேர்மோஸ்டாட் வாங்கேக்க உங்கட எஞ்சினுக்கு உரியதா, கீழ அந்தத் தட்டு உள்ளதா எண்டு பாத்து வாங்குங்க, காஸ்கட்டும் புதுசு. பூட்டி ஒரு கிழமை ஓடின பிறகு கம்பியைத் திரும்ப இழுத்துப் பாத்து, மட்டம் கூடியிருக்கா எண்டு இங்க எழுதுங்க.

கந்தளாய் றோட்டு

சரி பாஸ். லோட்டை மச்சான்ட லொறிக்கு மாத்திக் குடுத்திட்டன். ஒயிலை இப்ப இறக்குறம்.